மூன்று தாள் கொட்டேஷன்

ரோஹானாவின் வீட்டுக்குப் புது மருமகன் வந்திருக்கிறார் என்று அம்மா ஜன்னத் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

"இவங்க அத்தாவப் பாருங்க. மருமகனுக்குத் தனியா காத்தாடி, மேல போத்த பூப்போட்ட துணி! இன்னும் பிரியாணி ஆக்கிப் போடாததுதான் பாக்கி."

அந்த மருமகன் ஒரு கம்ப்யூட்டர். கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை தன் பழைய கம்ப்யூட்டர்களை விற்றது. ரோஹானாவின் அப்பா, அதாவது அத்தா, ஒன்றை வாங்கி, தன் வேனில் ஏற்றி, ஃபெரியில் கடலைக் கடந்து ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

அத்தாவின் பெயர் முகம்மது கனி. பினாங்கில் பாதிக் கடைகளின் ஐஸ்பெட்டிக்கு அவர்தான் வைத்தியர். ஐஸ்பெட்டி குளிராவிட்டால் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் போவார், பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார். பிறகு என்ன வேலை, என்ன செலவு என்று வாயாலேயே சொல்லிவிடுவார்.

இப்போது அப்படி இல்லை. கம்ப்யூட்டரில் ரிப்பேர்க்காரர்களுக்கென்றே ஒரு புரோகிராம் இருந்தது. வேலையையும் விலையையும் தட்டினால் போதும், தானே கூட்டி, அழகான கொட்டேஷனை அடித்துக் கொடுத்துவிடும். அதை ஃபேக்ஸில் அனுப்பிவிடலாம்.

"வாயால சொன்னா இனிமே மரியாத இல்ல," என்றார் அத்தா.

தட்டுவது மட்டும் ரோஹானாவின் வேலை. அவள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். அத்தாவின் விரல்கள் தடிமன். ஒரு எழுத்தைத் தட்டினால் மூன்று எழுத்து விழும்.

அந்தத் திங்கட்கிழமை அத்தா பூக்கடை ருக்குமணி அக்காவின் ஐஸ்பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய பெட்டி அது. ரோஜாவும் மல்லிகையும் அதற்குள்தான் இருக்கும்.

"என்ன வேலைன்னு சொல்லிட்டீங்களா அத்தா?"

"சொல்வேனா? கொட்டேஷன் வரும், பாருங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." அத்தா மார்பை நிமிர்த்திக்கொண்டார். "எழுதிக்க. மொதல்ல கதவு ரப்பர மாத்தணும். அதுல சரியாகலேன்னா கேஸ் அடிக்கணும். அதுக்கும் சரியாகலேன்னாத்தான் கம்ப்ரஸர மாத்தணும்."

ரோஹானா தட்டினாள். கதவு ரப்பர். கேஸ். கம்ப்ரஸர். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை.

'சரியாகலேன்னா' என்பதை எங்கே தட்டுவது? அதற்கு ஒரு கட்டமும் இல்லை. எத்தனை என்று கேட்டது, விலை என்ன என்று கேட்டது. வேறு எதையும் அந்தப் புரோகிராம் கேட்கவில்லை. சரி, தேவையில்லை போலிருக்கிறது என்று ரோஹானா விட்டுவிட்டாள்.

பிரிண்டர் கிர்ர் கிர்ர் என்று அழுதுகொண்டே தாளைத் தள்ளியது. அத்தா அதன் அழகைப் பார்த்தாரே தவிர, படித்துப் பார்க்கவில்லை. கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

பூக்கடையில் ஃபேக்ஸ் கிடையாது. பக்கத்துப் புத்தகக் கடையில், முகம்மது சுல்தான் மாமாவிடம் இருந்தது. கொட்டேஷன் அங்கே போய்ச் சேர்ந்தது.

செவ்வாய் போனது, புதன் போனது. ருக்குமணி அக்காவிடமிருந்து பதிலே இல்லை.

"வேற ஆள் கெடச்சிருப்பான்," என்றார் அத்தா. சொல்லும்போது முகம் சுருங்கிவிட்டது. "பத்து வருஷமா நான்தான் அந்தப் பெட்டியப் பாக்குறேன். வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

"நீங்களே போய்க் கேக்கலாமே," என்றார் அம்மா.

"நான் ஏன் போவணும்? கொட்டேஷன் அனுப்பியாச்சு. அவங்கதான் பேசணும்."

அத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டால் கம்ப்ரஸரைப் போலத்தான். சூடாகிவிடும், லேசில் ஆறாது.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ரோஹானா பூக்கடைப் பக்கமாக நடந்தாள்.

கடையைப் பார்த்ததும் திக்கென்றது. பூக்கள் எல்லாம் வாளிகளில் இருந்தன, மேலே ஈரச்சாக்கு. தரையில் ஐஸ் கட்டி உருகி ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ்பெட்டி விளக்கணைந்து ஓரமாக நின்றது. ருக்குமணி அக்கா வாடிய ரோஜா இதழ்களைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாம்மா ரோஹானா. அத்தா நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காங்க, ஆன்ட்டி. பெட்டிய ஏன் ஆஃப் பண்ணிட்டீங்க?"

"அதான் செத்துப் போச்சே. கம்ப்ரஸரே போச்சு, கேஸும் போச்சு, கதவும் போச்சுன்னு ஒங்கத்தா எழுதி அனுப்பிட்டாரே. சுல்தான் அண்ணே இந்தக் கடை வரிசைக்கே கேக்குற மாதிரி படிச்சுக் காட்டினாரு." ருக்குமணி அக்கா பெருமூச்சு விட்டார். "கனி அண்ணே சொன்னா சரியாத்தான் இருக்கும். அவ்ளோ செலவு பண்ண என்னால முடியாதுலா. அவருகிட்ட விலையக் கொறைங்கன்னு கேக்கவும் வாய் வரல."

ருக்குமணி அக்காவுக்குக் கோபமே இல்லை. அத்தாவை அவர் அப்படியே நம்பியிருந்தார். ரோஹானாவுக்கு அதுதான் தாங்கவில்லை. கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஞாயித்துக்கெழம ஒரு கல்யாணம்," என்று ருக்குமணி அக்கா தொடர்ந்தார். "மணமாலை, மேடைக்குப் பூ, எல்லாம் என்கிட்டத்தான். சனிக்கெழம கேமரன்மலையிலேருந்து பூ வருது. பெட்டி இல்லாம இந்த வெயில்ல எங்க வெக்கிறது? இன்னிக்கு அவங்களுக்குப் போன் பண்ணி, முடியலன்னு சொல்லிடப் போறேன்."

"பண்ணாதீங்க, ஆன்ட்டி!"

சத்தமாகச் சொல்லிவிட்டாள். ரோஹானாவுக்கே வெட்கமாகப் போனது.

"அந்தக் கொட்டேஷனக் கொஞ்சம் குடுங்க," என்றாள் மெதுவாக.

அத்தாவோடு வேனில் போகும்போது ஒரு வித்தையைப் பார்த்திருக்கிறாள். ஐஸ்பெட்டியின் கதவில் ஒரு தாளை வைத்து மூட வேண்டும். பிறகு இழுக்க வேண்டும். ரப்பர் நன்றாக இருந்தால் தாள் வராது. வந்துவிட்டால் குளிரும் அந்த வழியாகவே வெளியே போய்விடும்.

ரோஹானா கொட்டேஷனைக் கதவின் பக்கவாட்டில் வைத்து மூடினாள். இழுத்தாள். வரவில்லை. கீழே வைத்தாள். வரவில்லை. நாற்காலியில் ஏறி, மேல் ஓரத்தில் வைத்தாள்.

சர்ரென்று வந்துவிட்டது. வெண்ணெயிலிருந்து முடியை எடுப்பதுபோல.

அங்கே ரப்பரில் வரிவரியாகக் கீறல். ஒரு கீறலுக்குள் வாழைநார்கூடச் சிக்கியிருந்தது. கட்டி முடித்த சரங்களை ருக்குமணி அக்கா அந்தக் கதவின் மேல்தான் தொங்கவிடுவார். சரம் தொங்கத் தொங்கவே கதவை மூடுவார், திறப்பார்.

"ஆன்ட்டி, அத்தா இந்த ரப்பரத்தான் மொதல்ல மாத்தணும்னு சொன்னாங்க. மத்ததெல்லாம் இதுல சரியாகலேன்னாத்தான். நான்தான் மூணையும் ஒண்ணா தட்டிட்டேன். ஆறு மணி வரைக்கும் போன் பண்ணாம இருக்கீங்களா?"

ருக்குமணி அக்கா கதவைப் பார்த்தார், ரோஹானாவைப் பார்த்தார், ரப்பரில் சிக்கியிருந்த நாரைப் பார்த்தார்.

"ஆறு மணி வரைக்கும்தான். கல்யாண வீட்டுக்காரங்களும் வேற ஆள் பாக்கணும்ல?"

ரோஹானா வீட்டுக்கு ஓடினாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். அத்தா கேட்டுக்கொண்டே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேனே! இந்தக் கம்ப்யூட்டர் பொட்டியே வேணாம். பழையபடி வாயாலயே சொல்லிக்கலாம்."

"மருமகன வெரட்டப் போறீங்களா?" என்றார் அம்மா. "பாவம், அது என்ன பண்ணும்? படிக்காம விட்டது நீங்க."

"அத்தா," என்றாள் ரோஹானா, "கம்ப்ரஸர் போச்சுன்னு தாள்ல இருக்கு. சுல்தான் மாமா அத எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டாங்க. இப்ப வாயால இல்லன்னு சொன்னா, தயவு பாத்துச் சொல்றீங்கன்னுதான் ஆன்ட்டி நெனைப்பாங்க. தாள்ல போனத தாள்லதான் சரி பண்ணணும்."

அத்தா எழுந்து கம்ப்யூட்டரின் மேலிருந்த துணியை எடுத்தார்.

ரோஹானா திரையையே பார்த்தாள். 'சரியாகலேன்னா' என்று சொல்ல இந்தப் புரோகிராமுக்குத் தெரியாது. ஒரு தாளில் எதைப் போட்டாலும் கூட்டிவிடும்.

ஒரே தாளில் போட்டால்தானே கூட்டும்?

"அத்தா, மூணு கொட்டேஷன்!"

ஒரு தாளில் ரப்பர் மட்டும். அடுத்ததில் கேஸ் மட்டும். மூன்றாவதில் கம்ப்ரஸர் மட்டும். பிரிண்டர் மூன்று தடவை அழுதது. புரோகிராமுக்குத் தமிழ் வராது. அதனால் முதல் தாளின் அடியில் ரோஹானா பேனாவால் எழுதினாள்.

'முதலில் இந்த வேலை மட்டும். இதிலேயே குளிர் வந்துவிட்டால் மற்ற இரண்டு தாள்களையும் கிழித்துப் போடலாம்.'

அத்தா இந்தத் தடவை மூன்று தாள்களையும் படித்தார். உதடு அசைய, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக. பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

ஃபேக்ஸ் போகவில்லை. டூட் டூட் என்றது. சுல்தான் மாமா அதே லைனில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச ஆரம்பித்தால் அவர் லேசில் வைக்கமாட்டார். மணி ஐந்தரை தாண்டிவிட்டது.

ரோஹானா அத்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வா," என்று அத்தா வேன் சாவியை எடுத்தார். "நம்மளே கொண்டு போவோம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ருக்குமணி அக்கா போன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாசலில் அத்தா தயங்கினார்.

"வாங்கண்ணே. ஏன் அங்கயே நிக்கிறீங்க?"

"தப்பா எழுதி ஒன்னப் பயமுறுத்திட்டேம்மா," என்றார் அத்தா. "நீ வேற ஆள் பாத்துட்டேன்னு மூணு நாளா கோவமா இருந்தேன்."

"வேற ஆளா? இந்தப் பெட்டி ஒங்கள விட்டா யார் பேச்சக் கேக்கும்?"

ருக்குமணி அக்கா தாள்களை வாங்கினார். ரோஹானா எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பக்கத்துக் கடையிலிருந்து எட்டிப் பார்த்த சுல்தான் மாமாவைக் கூப்பிட்டு, அவருக்கும் படித்துக் காட்டினார்.

"இதயும் எல்லாருக்கும் சொல்லுங்கண்ணே!"

போனை அவர் தொடவே இல்லை.

மறுநாள் காலை அத்தா ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த்துக்குப் போனார். அந்த நீளத்துக்கு ரப்பர் அங்கேதான் கிடைக்கும். ஜும்மா தொழுகை முடிந்ததும் பூக்கடைக்கு வந்து வேலையைத் தொடங்கினார். பள்ளி விட்டு வந்த ரோஹானா ஸ்குரூக்களைக் கிண்ணத்தில் போட்டுக் காவல் காத்தாள். பழைய ரப்பர் பாம்புச் சட்டைபோல உரிந்து வந்தது.

புது ரப்பரைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டார்கள். பெட்டி உறுமியது. எல்லோரும் காத்திருந்தார்கள். ருக்குமணி அக்கா கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முதலில் ஒன்றுமில்லை. ஒரு தேநீர் குடித்து முடித்த பிறகு, விரலைச் சட்டென்று எடுத்தார்.

"சில்லுன்னு இருக்குண்ணே!"

"இருங்க, இன்னும் ஒண்ணு பாக்கணும்," என்றாள் ரோஹானா. மூன்றாவது தாளை எடுத்து, கதவின் மேல் ஓரத்தில் வைத்து மூடினாள். "இப்ப இழுங்க, ஆன்ட்டி."

ருக்குமணி அக்கா இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பர்ரென்று தாள் கிழிந்தது. கம்ப்ரஸரில் பாதி அவர் கையில் இருந்தது. மீதிப் பாதியைக் கதவு விடவே இல்லை.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். சுல்தான் மாமா பலமாகத் தட்டினார்.

"இனிமே சரத்தக் கதவுல மாட்டக் கூடாது," என்று அத்தா சுவரில் ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார். அதற்குக் கொட்டேஷன் கிடையாது.

கிளம்பும்போது ருக்குமணி அக்கா இரண்டு முழம் மல்லிகையை இரண்டாவது தாளில் சுருட்டி ரோஹானாவின் கையில் திணித்தார்.

வீட்டில் அம்மா பொட்டலத்தைப் பிரித்தார். தாளைப் பார்த்தார்.

"கேஸ் இவ்ளோ வாசமா இருக்குமா!"

ரோஹானாவின் தலையில் கொஞ்சம் வைத்தார். தன் தலையில் கொஞ்சம் வைத்துக்கொண்டார். மீதி இருந்த சிறு சரத்தைக் கையில் வைத்து யோசித்துவிட்டு, கம்ப்யூட்டரின் மேல் சுற்றிப் போட்டார்.

"வந்து இத்தன நாளாச்சு. மருமகனுக்கு நம்ம ஒரு மாலைகூடப் போடலயே!"