மத்தியானத்து அம்மா

அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமான் இறக்கியவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். உள்ளறை நல்ல குளிர்ச்சி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளறைக்கு இருந்தது ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தது. பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஆள் முகம் தெரியும். ஈரக் காகிதத்தின் வாசனை ஒன்று அங்கே தங்கியிருந்தது. எழுதுகிறவளுக்கு அந்த வாசனை பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை. மகளின் கட்டிலை அங்கேயே போடச் சொன்னாள்.

அவளுக்கு மூச்சு விட நேரம் கிடையாது. ஐந்து வயதில் ஒரு வாலு. கணவனுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் எட்டு மாதம் கடலில். முப்பத்திரண்டு வயதில் சட்டக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வகுப்புகள் மத்தியானம் இரண்டு முதல் நாலரை வரை. இது போதாதென்று எழுத்து வேறு. வார இதழில் காதல் தொடர், மாத இதழில் சிறுவர் கதை, செயலி ஒன்றில் துப்பறியும் கதை, பெண்கள் பக்கத்தில் வீட்டுக் குறிப்பு. நாலுக்கும் நாலு புனைபெயர். அடுப்பில் பால் பொங்குவதற்குள் காதலர்கள் பிரிந்துவிடுவார்கள், குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் ஒரு கொலை நடந்து முடிந்திருக்கும். "எழுத்துக்காரி, நீ தூங்கறதையும் வேற பேர்லதான் தூங்கறியா?" என்று தங்கை போனில் கிண்டலடிப்பாள்.

மகளுக்குச் சோறு ஊட்டி, உள்ளறையில் படுக்க வைத்து, தினமும் ஒரு கதை ஆரம்பிப்பாள். பாதி வருவதற்குள் ஒன்றரை மணி அடித்துவிடும். "மீதி நாளைக்கு" என்று எழுந்து ஓடுவாள். நாளைக்கு வேறு கதை பிறந்திருக்கும். ஊருக்கெல்லாம் கதை எழுதுகிறவள் பெற்ற பெண்ணுக்கு ஒரு கதையை முழுசாகச் சொன்னதில்லை. அது அவளை உறுத்தத்தான் செய்தது. ஆனால் உறுத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தால் பஸ் போய்விடும்.

வீட்டின் முன்பகுதியில் ஒரு தையற்காரம்மா குடியிருந்தார். உள்ளறைக்கு வெளியே இருந்த கூடத்தில் மிஷினைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தைப்பார். குழந்தை தூங்கும் நேரத்தில் பார்த்துக்கொள்வதாக அவராகவே சொன்னார். பதிலுக்கு அவருடைய வாய்க்கால் தகராறு வழக்கின் காகிதங்களை இவள் படித்து விளக்குவாள்.

இரண்டாவது வாரம், மாலையில் மகள் பாலைக் குடித்துக்கொண்டே சொன்னாள். "அந்த மழை கடைசி ஸ்டாப்புல இறங்கிடுச்சும்மா."

மழைக்கு டிக்கெட் கொடுத்த கண்டக்டரின் கதை. அவள் மத்தியானம் பாதியில் விட்டுவிட்டுப் போனது.

"அப்புறம்?"

"அங்க ஒரு வீட்டுல பாப்பா மட்டும் இருந்துச்சு. கதவைத் தட்டினா யாருமே வரல. பாப்பாதான் மழைய உள்ள விட்டுச்சு."

"யாருடி சொன்னா?"

"நீதான்."

பிள்ளைகள் கனவில் கேட்டதையும் அம்மா சொன்னதாகத்தான் சொல்லும் என்று சிரித்துக்கொண்டாள். ஆனால் முடிவு அருமையாக இருந்தது. அன்றைக்கே எழுதி அனுப்பினாள். சிறுவர் இதழின் ஆசிரியர் மறுநாளே கூப்பிட்டார். "உங்க கதையில முதல் தடவையா முடிவுன்னு ஒண்ணு இருக்கு மேடம்."

இங்கேதான் அவள் தப்பு செய்தாள். அதற்கப்புறம் நேரம் இருந்தாலும் கதையை முடிக்கவில்லை. வேண்டுமென்றே பாதியில் விட்டுவிட்டுப் போனாள். மாலையில் மகளின் வாயைக் கிளறி முடிவை வாங்கிக்கொண்டாள். ஒரு மாதத்தில் ஆறு கதைகள். எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்ற பயம்.

ஒரு காலையில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரைக் கொன்னது கம்பவுண்டர் இல்லம்மா. அவரோட தம்பி."

சீப்பு நின்றது.

அது துப்பறியும் கதை. பாதி எழுதி, கொலையாளி யாரென்று தெரியாமல் மூன்று நாளாக முழித்துக்கொண்டிருந்தாள். லேப்டாப்பில் மட்டுமே இருந்தது. மகளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இதையும் நான்தான் சொன்னேனா?"

"ஆமா. மத்தியானம்."

அவளுக்கு ஒரே ஒரு ஆள் மீதுதான் சந்தேகம் போனது. தையற்காரம்மாவிடம் சாவி இருந்தது. எழுத்து வாசனை உள்ள பொம்பளை, வழக்குக் காகிதத்தைக்கூட எழுத்துக்கூட்டி ரசித்துப் படிப்பார். தன் பொருளைத் தொடுகிறார், தன் பிள்ளையிடம் 'அம்மா சொன்னதா சொல்லு' என்று பொய் சொல்லப் பழக்குகிறார். நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது. ஆனாலும் சட்டம் படிக்கிறவள், சாட்சியம் இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். லேப்டாப் மூடியின் இடுக்கில் ஒரு தலைமுடியை வைத்துவிட்டுப் போனாள். ஐந்து மணிக்கு வந்து பார்த்தபோது முடி வைத்த இடத்திலேயே இருந்தது.

அன்று மாலையும் மகள் ஒரு முடிவு சொன்னாள்.

மறுநாள் பழைய போனை ஒலிப்பதிவில் போட்டு உள்ளறை அலமாரியின் மேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். திரும்பி வந்ததும் சமையலறையில் நின்று காதில் மாட்டிக் கேட்டாள். மகள் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

மின்விசிறியின் கரகரப்பு. மகளின் மூச்சு. கூடத்தில் தையல் மிஷின் ஓடி ஓடி நின்றது. முக்கால் மணி நேரம் அப்படியே போனது. வீணாக ஒருத்தர் மேல் பழி போட்டோமோ என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

கட்டில் கிறீச்சிட்டது. யாரோ உட்காருகிறார்கள்.

கதவு திறந்த சத்தமே இல்லை.

"எங்க விட்டேன்?"

அது அவளுடைய குரல்.

அவளுடையதேதான். 'எங்க' என்பதை லேசாக இழுக்கும் பழக்கம் உட்பட. ஒன்றுதான் வித்தியாசம். அந்தக் குரலுக்கு எந்த அவசரமும் இல்லை.

கதை நிதானமாக நடந்தது, முடிந்தது. மகள் தூக்கக் கலக்கத்தில் சிரித்தாள்.

"அப்புறம் என்னம்மா?"

"அப்புறம் அஞ்சு மணிக்குக் கதவு திறக்கும். என்னை மாதிரியே ஒருத்தி வருவா. நீ அவகிட்ட கோவிச்சுக்காதே."

"அவ யாரு?"

"அவளும் அம்மாதான்."

மின்விசிறி ஓடியது.

"இன்னும் கொஞ்ச நாளைக்கு."

அவள் காதிலிருந்ததைப் பிடுங்கிப் போட்டாள். கூடத்துக்கு ஓடினாள்.

"அக்கா, இன்னைக்கு, நேத்து... மத்தியானம் நீங்க உள்ளறைக்குப் போனீங்களா?"

தையற்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "நான் எதுக்கும்மா போறேன்? நீதான் தினமும் நடுவுல வந்துடுறியே. உன் பேச்சு கேட்டதும் மிஷினை நிறுத்திடுவேன், குழந்தை தூங்கட்டும்னு."

"நான் வர்றதைப் பார்த்தீங்களா?"

"தலை குனிஞ்சு தைக்கிறவளுக்கு வர்றவங்க போறவங்க எங்க தெரியுது? குரல் கேக்கும்." பிறகுதான் அவர் நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தார். நூல் கையிலிருந்து நழுவியது. "அப்ப... நீ வரலையா?"

வரைந்துகொண்டிருந்த மகள் கூடத்தில் இல்லை.

உள்ளறையில் இருந்தாள். இருட்டில், கட்டில் ஓரத்தில், கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மெத்தை அமுங்கியிருந்தது.

"வா செல்லம், போகலாம்."

மகள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஐந்து வயதுக் கண்களில் இருக்கக் கூடாத சந்தேகம் அது.

"நீ எந்த அம்மா?"

வயிற்றில் பிறந்த பிள்ளை கேட்ட கேள்வி. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகளை வாரித் தூக்கிக்கொண்டாள். பொழுது சாயும் முன் ஒரு பெட்டியோடு பஸ் ஏறி, அடுத்த ஊரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் இருபது நாள் வகுப்புக்குப் போகவில்லை. காதல் தொடரில் காதலர்களுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தாள். மகளுக்குத் தினமும் ஒரு கதை, முழுசாக, முடிவோடு. ஒலிப்பதிவை அழித்துவிட்டாள். மகள் மெல்ல மெல்ல மறந்தாள், பழையபடி மேலே வந்து விழுந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. விட்டது தொல்லை என்று நம்பத் தொடங்கினாள்.

தேர்வை மட்டும் விட முடியாது. விட்டால் மூன்று வருடப் படிப்பும் தண்ணீரில் போகும். தங்கையிடம் நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. கதை எழுதி எழுதி இவளுக்கே பைத்தியம் முற்றிவிட்டது என்பாள். "நான் வர்ற வரைக்கும் பாப்பாவ ஒரு நிமிஷம்கூட தனியா விடாதே" என்று மட்டும் சொன்னாள். தங்கை அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டாள். "விட மாட்டேன் அக்கா. நீ போய் ஒழுங்கா எழுது. வழக்கம்போல பாதியில எழுந்து ஓடி வராதே."

அவள் பாதியில் எழுந்து வரவில்லை. கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதினாள். ஒரு மணிக்கு வெளியே வந்து, ஒப்படைத்திருந்த போனை வாங்கி, வராந்தாவில் நின்று தங்கையைக் கூப்பிட்டாள். பக்கத்தில் மாணவர்கள் விடைகளைச் சரிபார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போனிலும் வண்டிச் சத்தமாக இருந்தது.

"எங்கடி இருக்கே?"

"கடையில. வெங்காயம் தீந்து போச்சு. ஏன், வேற எதுவும் வாங்கணுமா?"

"பாப்பா உன்கூடவா இருக்கா?"

"உன்கூடதானே இருக்கா? நீ வந்த தைரியத்துலதான் நான் கிளம்பினேன். உங்கூட விட்டா தனியா விட்ட மாதிரியா?" தங்கை சிரித்தாள். "வாசல்ல நின்னு கொஞ்ச நேரம் கேட்டேன் அக்கா. நடுவுல பேசவே மனசு வரல. இத்தனை வருஷத்துல நீ இவ்வளவு நிதானமாப் பேசி நான் கேட்டதே இல்ல."

அவள் ஓடத் தொடங்கியிருந்தாள். போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"அது சரி, கேக்க மறந்துட்டேன்," என்றாள் தங்கை. "பாப்பா செருப்பெல்லாம் போட்டுக்கிட்டு ரெடியா நின்னாளே. எங்க கிளம்பறீங்க, ரெண்டு பேரும்?"