மஞ்சள் ரெயின்கோட்

எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எதில் முதலில் ஏறுவது என்று மூன்று மாதமாகப் போனில் பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்டவர் என் வீட்டுக்காரர். விளையாட்டுப் பூங்காவை நம்பியே பிழைக்கும் அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு ஹோட்டல். எங்களுக்கு வாய்த்தது, ராட்டினத்தின் முதுகு தெரியும் மாடி அறை. காலையில் ஆறிப்போன முட்டை, மதியம் வரிசையில் நின்று நூடுல்ஸ், மீதி நேரமெல்லாம் வேறு வேறு வரிசைகள். இரண்டாம் நாளே என் கால்கள் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. ஐந்து வயதுப் பாப்பாவுக்கு மட்டும் களைப்பு என்ற வார்த்தையே தெரியாது.

மூன்றாம் நாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. ராட்டினங்களை நிறுத்தினார்கள். கடைகளில் மஞ்சள் ரெயின்கோட்கள் வெளியே வந்தன. கொஞ்ச நேரத்தில் பூங்காவிலிருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே மஞ்சள். படகுச் சவாரி போயே ஆகவேண்டும் என்று பாப்பா அடம் பிடித்தாள். பொறுமை போய்க் கத்திவிட்டேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"லாக்கர்ல இருக்கற பையை எடுத்துட்டு வந்துடறேன். நீ இவளைக் கூட்டிட்டு பஸ்ஸுக்குப் போ," என்றார்.

கூட்டம் நெருக்கித் தள்ளியது. கீழே பார்க்காமலே கையை நீட்டினேன். ஒரு சின்னக் கை வந்து பிடித்துக்கொண்டது.

ஹோட்டல் பஸ்ஸில் அவள் தலையைத் தூக்கவே இல்லை. திட்டு வாங்கிய கோபம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த அமைதி எனக்குச் சுகமாக இருந்தது.

அறைக்கு வந்ததும் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். பாதி இருட்டு. அவள் நேராகக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

"ரெயின்கோட்டைக் கழட்டும்மா. மெத்தை நனையுது பார்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வீட்டுக்குப் போய்க் கழட்டறேன்."

குரல் கரகரத்தது. அழுது அழுது தொண்டை கட்டியிருக்கும். இருக்கிற அலுப்பில் யார் மல்லுக்கு நிற்பது? போர்வையை அவள்மேல் போட்டுவிட்டுப் பக்கத்தில் சரிந்தேன். படகுக் கால்வாயின் வாடை அடித்தது. தேங்கிய தண்ணீரும் அதில் கொட்டும் மருந்தும் கலந்த வாடை. நாங்கள் படகில் ஏறவே இல்லையே என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கண் சொருகும்போது போன் அடித்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச? நாங்க கேட்லயே நிக்கறோம்."

"நாங்கதான் ரூமுக்கு வந்துட்டோமே."

"நாங்கன்னா?"

"நானும் பாப்பாவும்."

"என்ன உளர்ற? அவ என்னை விட்டாத்தானே? நான்தான் தூக்கிட்டுப் போனேன். கத்தினேனே, காதுல விழலையா?"

மழைச் சத்தத்துக்கு நடுவே பாப்பாவின் சிணுங்கல் கேட்டது. "அம்மாகிட்ட குடுங்கப்பா..."

போர்வைக்குள் என் பக்கமாக எதுவோ திரும்பிப் படுத்தது.

"போன்ல யாரும்மா?"

இன்னும் கொஞ்ச நேரத்தில் என் குழந்தை இந்த அறைக்கு வந்துவிடுவாள். இது அவளைப் பார்க்கவே கூடாது. எனக்கு அது ஒன்றுதான் ஓடியது.

"யாருமில்ல கண்ணு. நீ படுத்திரு. அம்மா கீழ போய் உனக்குப் பால் வாங்கிட்டு வந்துடறேன்."

"சூடாவா?"

"சூடா."

செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன்.

வரவேற்பில் இருந்த பெண் என் வெறுங்காலைப் பார்த்தாள். நான் திக்கித் திணறிச் சொன்னதை எல்லாம் கேட்டாள். அவளும் தூங்கி நாளானவள் போல இருந்தாள்.

"மழை வந்தா இப்படித்தான் மேடம். அசதியில யாராவது ஒருத்தர் அவளைக் கூட்டிட்டு வந்துடறாங்க," என்றாள் சலிப்பாக. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ரெயின்கோட்டைக் கழட்டிட்டாளா?"

"இல்ல."

"அதைக் கழட்டாத வரைக்கும் ஒட்டிக்க மாட்டா. நீங்க கிளம்பிடுங்க."

பாப்பா வந்ததும் வாரி அணைத்துக்கொண்டேன். அவள் போட்டிருந்த ரெயின்கோட்டைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்தேன். பெட்டிகளை எடுக்க மேலே போன வீட்டுக்காரர், அறையில் யாருமில்லை என்றார். மெத்தை மட்டும் ஊறிப்போய்க் கிடந்ததாம். "தூங்கி வழிஞ்சிட்டு கனவு கண்டிருப்ப," என்றார். சண்டை போடத் தெம்பில்லை. காரில் வீடு வரும்வரை பாப்பாவை மடியிலிருந்து இறக்கவில்லை.

பொழுது சாயும்போது வந்து சேர்ந்தோம். அவர் பாப்பாவைக் கட்டிலில் விட்டுவிட்டு, காரிலிருந்து பெட்டிகளை எடுக்கக் கீழே போனார். நான் முகம் கழுவக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

கதவின் பின்னால் கொக்கியில் ஒரு சின்ன மஞ்சள் ரெயின்கோட் சொட்டிக்கொண்டிருந்தது.

கழட்டியிருந்தாள்.

படுக்கையறையில் பாப்பா யாருடனோ சிரித்துப் பேசினாள். அப்புறம் அந்தக் கரகரத்த குரல்.

"அம்மா, பால் எங்க?"

ஓடிப்போய்ப் பாப்பாவைத் தூக்க வேண்டும் என்று மனம் துடித்தது. ஆனால் கதவைத் திறந்தபோது அவளுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. அதற்குக் கோபம் வந்தால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

"இதோ கண்ணு," என்றேன். சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். இரண்டு டம்ளர்களைக் கழுவி எடுத்தேன்.