தாய்ப்பிழை

காலையில் எழுந்ததும் இளம்பரிதி பாலை அடுப்பில் வைத்தான். மகளை எழுப்பிப் பல் தேய்த்துவிட்டான். இரட்டைப் பின்னல் போட்டான். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக வந்தது, அப்படியே விட்டுவிட்டான். பிறகு மூச்சளவியை அவள் வாயில் வைத்து ஊதச் சொன்னான். நாலு வயதுக் குயிலி பாதி ஊதுவதற்குள் இருமல் வந்துவிட்டது. சுவரிலிருந்த மருந்துப்பெட்டி வழக்கம்போலச் சொன்னது: "ஆஸ்துமா. காரணம் பதிவாகவில்லை. மருந்து இல்லை." பூட்டிய கண்ணாடிக் கதவுக்குள் இன்ஹேலர் தெரிந்தது. பால் பொங்கி வழிந்தது. துடைத்தான்.

கருநலத் துறையின் வளர்மதி செருப்போடு உள்ளே வந்தார். உட்காருங்கள் என்று அவன் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்துகொண்டார்.

கர்ப்பிணி வலி மாத்திரை விழுங்கினால் பிள்ளைக்கு ஆஸ்துமா வரக்கூடும் என்று ஒரு காலத்தில் ஆய்வுகள் பேசின. தொடர்பு தெரிகிறது, காரணம் வேறாகவும் இருக்கலாம், தாய்க்கு வந்த காய்ச்சலாகக்கூட இருக்கலாம் என்றுதான் எழுதியிருந்தார்கள். சட்டம் போட்டவர்கள் முதல் வரியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வளைகாப்புக்கும் துறையின் ஆள் வந்து, கண்ணாடி வளையல்களோடு ஒரு காப்புவளையையும் பூட்டிவிட்டுப் போனார். இரத்தத்தில் மாத்திரை கலந்தால் அது ஊரைக் கூட்டும். பிரசவம்வரை கழற்றக் கூடாத வளையல் என்பதால் பெண்கள் அதற்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள்.

அவன் மனைவி பொற்கொடியின் காப்புவளை கடைசிவரை ஒலிக்கவில்லை. எட்டாம் மாதம் காய்ச்சல் கண்டு, தலைவலி தாங்காமல் அவள் சுவரில் முட்டிக்கொண்டாள். மருத்துவமனையில் ஈரத்துணி போட்டார்கள். குழந்தையை எடுத்தார்கள். அவள் பிழைக்கவில்லை. மறுமாதமே துறை அவள் படத்தை எல்லாப் பிரசவ வார்டுகளிலும் மாட்டியது. படத்துக்குக் கீழே அவள் கடைசியாகச் சொன்னதாக ஒரு வரி: 'வலி எனக்கு, மூச்சு என் பிள்ளைக்கு.' அதை யார் எழுதினார்களோ. அவனை யாரும் கேட்கவில்லை.

"மாத்திரை சாப்பிடாத தாய்க்கு ஆஸ்துமாப் பிள்ளை பிறக்காது சார்," என்றார் வளர்மதி.

"பிறந்திருக்கு. உங்க முன்னாடிதான் இருமுது."

"அப்ப உங்க சம்சாரம் திருட்டுத்தனமா சாப்பிட்டிருக்காங்க. வளையில கோளாறு. உங்க வாயால சொன்னீங்கன்னா தாய்ப்பிழைன்னு பதிஞ்சிடும். பெட்டி திறக்கும். படத்தையும் இறக்கிடுவோம்."

"சொல்லலன்னா?"

"இவளுக்கு வந்திருக்கறது நோயே இல்ல. வெறும் இருமல்."

தாய்ப்பிழைப் பிள்ளைகளைப் பள்ளியில் தனி வரிசையில் உட்காரவைத்து, அம்மா செய்ததை ஆண்டுதோறும் சொல்லித்தருவார்கள். அவனுக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

குயிலி அவன் தொடையில் சாய்ந்துகொண்டாள். "அப்பா, இந்த ஆன்ட்டி ஏன் வீட்டுக்குள்ள செருப்பு போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு மூன்று முறை மூச்சு வாங்கினாள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தது.

"பதிவு பண்ணுங்க," என்றான். வளர்மதி கருவியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என் மனைவி பொற்கொடி, கர்ப்பமா இருந்தப்ப, எனக்குத் தெரியாம வலி மாத்திரை சாப்பிட்டா."

பெட்டி திறந்துகொண்டது. இன்ஹேலரை எடுத்துக் குலுக்கினான். மகளின் வாயில் வைத்து அழுத்தினான். அவள் இழுத்தாள்.

வளர்மதி எழுந்து நின்றபடி, படத்தோடு அந்த வரியும் போய்விடும், பதிவில் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்றார். "நெஜமா கடைசியா என்னதான் சொன்னாங்க? எதையாவது சொல்லுங்க, போட்டுக்கறேன்."

மகளின் மூச்சு சீராகும்வரை இளம்பரிதி அவள் முதுகைத் தடவினான். பிறகு சொன்னான். நெற்றியிலிருந்த ஈரத்துணியை இழுத்துப் போட்டுவிட்டு, டாக்டரை, நர்சை, அவனை என்று ஒவ்வொருவராகப் பார்த்துப் பொற்கொடி கேட்டாள்:

"ஒரே ஒரு மாத்திரை குடுங்களேன். யாராச்சும்."