பத்தாவது குப்பி

புதைத்தது ஒன்பது குழாய். மேஜையில் பத்துக் குப்பிகள் இருந்தன.

மதியத் தூக்கம் முழுதாகக் கலையாத மெஹ்விஷ் மறுபடி எண்ணினாள். பத்துதான். குழாய்க்கு ஒரு குப்பி என்பது கணக்கு. அடி அண்ணாமலையில் ஆராய்ச்சிக்காக எடுத்த இந்த வாடகை வீட்டைச் சுற்றி, துளையிட்ட குழாய்களில் கடலை எண்ணெய்ப் பஞ்சை அடைத்து மண்ணில் இறக்கியது அவளும் ஆர்த்தியும்தான். அதில் சிக்கியது எள்ளில் பாதி கூட இல்லாத எறும்பு. கண்ணில்லாதது, மண்ணுக்கு மேலே வராதது, இன்னும் யாரும் பெயர் வைக்காதது.

"உன் பேரைத்தான்டி வெக்கப் போறேன்" என்று ஆர்த்தி சொல்லியிருந்தாள். ஆராய்ச்சியில் மூத்தவள். ஒரு மாதமாக மெஹ்விஷ் சோர்ந்து சுருண்டபோது பாலும் சத்து மாத்திரையும் கொடுத்தவள். எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்ததும் அவள்தான்.

ஜன்னலுக்கு வெளியே பௌர்ணமிக் கூட்டம் மலையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. ஈரத் தார்ச்சாலையில் ஆயிரம் வெறுங்கால்கள் உரசும் சத்தமும், கற்பூரப் புகையும், ஒலிபெருக்கியின் கரகரப்பும் உள்ளே வந்து, எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த வாடையோடு சுவரில் ஏறிய மாலை நிழலுக்குள் தங்கின.

பத்தாவது குப்பியில் இருந்ததை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். அதே எறும்பு. உணர்கொம்பில் பன்னிரண்டு கணுக்கள். மற்ற ஒன்பதிலும் வயிறு வெளிறிய மஞ்சள்.

இதில் சிவப்பு.

போன வாரம் இதே மேஜையில் இருவரும் பார்த்தது நினைவுக்கு வந்தது. ராணி எறும்பு தன் முட்டையில் பொரிந்த புழுவின் விலாவில் இருந்த சின்னத் திறப்பில் வாய் வைத்துக் குடித்தது.

"புழு செத்துடுமாக்கா?"

"சாவாதுடி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடிக்கும். நல்லா ஊட்டி வளக்கும், அப்புறம் குடிக்கும். உன்னை மாதிரி ஜாஸ்தி கேள்வி கேக்காது அது."

சிரித்தார்கள்.

குப்பியைத் திருப்பினாள். ஆர்த்தியின் கையெழுத்து. இடம்: வடக்கு அறை. இரை: மெஹ்விஷ்.

வடக்கு அறையில் தூங்குவது மெஹ்விஷ்தான்.

போனாள். தரைவரை தொங்கிய போர்வையைத் தூக்கினாள். கிண்ணங்களில் தண்ணீர் இல்லை. எண்ணெய்ப் பஞ்சு. கிண்ணத்தின் அடியில் துளை. அதன் கீழே சிமெண்டுத் தரையிலும் துளை.

கட்டில் காலில் நூல்போல ஒரு கோடு. ஏறுவது மஞ்சள். இறங்குவது சிவப்பு.

"எழுந்துட்டியா?"

வாசலில் ஆர்த்தி. கையில் பால் டம்ளர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலிருந்த கதவைத் தாழிட்டாள்.

மெஹ்விஷ் கத்தினாள். தெருவில் அரோகரா எழுந்தது. ஓடப் பார்த்தாள். மதியம் குடித்த பால் இன்னும் கால்களில் இருந்தது. முழங்கால் மடிந்தது.

ஆர்த்தி அவளைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்தாள். நெற்றியைத் தடவினாள்.

"அக்கா... நம்பினேனே."

"உன் பேரு வெக்கிறேன்னுதானே சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

குர்தாவை விலாவரை சுருட்டினாள். கொசுக்கடி என்று அவளே தினமும் களிம்பு தடவிவிட்ட இடம். அங்கே உதடுபோல ஒரு சின்னத் திறப்பு. வலியில்லை. மெல்ல விரிந்தது.

கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கழற்றி ஆர்த்தி ஓரமாக வைத்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டாள்.

குனிந்தாள்.