எட்டு வயதுக்குள் ஒரு நெஞ்சுவடி

நாட்ராயன் ஆலைக்குத் தர வேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய்.

காலையில் எழுந்ததும், எல்லோரையும் போல, விலா எலும்புக்குக் கீழே இருக்கும் சின்ன மூடியைத் திருகித் திறந்தான். மூச்சை வடிகட்டும் நெஞ்சுவடியை உருவித் தட்டில் தட்டினான். முந்தைய நாள் மூச்சோடு உள்ளே போன ஈயமும் துத்தநாகமும் சாம்பல் நிறத் தூளாக விழுந்தன. சிந்தாமல் பொட்டலம் கட்டி வைத்துவிட்டுப் பல் விளக்கப் போனான்.

உருக்காலைக் குடியிருப்பில் நெஞ்சுவடி இல்லாமல் நாற்பதைத் தாண்டியவர் கிடையாது. ஆலையே கடனுக்குப் பொருத்திவிடும். தூளை எடைக்கு எடுத்துக் கடனில் கழித்துக்கொள்ளும். நாட்ராயனுக்கு எட்டு வயதில் பொருத்தியது, முப்பது வருடமாகக் கழிகிறது. எடை கூட வேண்டுமென்று அவன் மதியச் சோற்றைப் புகைபோக்கியின் அடியில் உட்கார்ந்துதான் தின்பான்.

வீட்டுக்கு ஒரு கடன்தான். பழையது தீராமல் இன்னொரு வடி கிடையாது. மகள் வஞ்சிக்குப் பங்குனியில் எட்டு முடிகிறது. அதற்குமேல் எலும்பு ஏற்காது. இப்படியே தூள் விழுந்தால் மாசியில் கடன் அடைந்துவிடும். அந்த ஒரு நினைப்பில்தான் அவன் நடமாடிக்கொண்டிருந்தான்.

தை பிறந்ததும் காற்று ஆணையம் உத்தரவு போட்டது. புகையையும் கழிவுநீரையும் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும். ஆலை வேறு வழியில்லாமல் சுத்திகரிப்புப் பொறியை ஓட்டியது. வேலையும் கூலியும் குறையவில்லை. பதினெட்டாம் நாள் கால்வாய்த் தண்ணீருக்கு அடியில் மணல் தெரிந்தது. கால்வாய்க்கு அடி என்று ஒன்று இருப்பதையே பலர் அன்றுதான் பார்த்தார்கள்.

அன்று நாட்ராயனின் பொட்டலத்தை வாங்கிய எடைப்பொறி, "சுழியம்" என்றது.

"ஊதிப் பாரு நாட்ராயா, எங்காச்சும் ஒட்டியிருக்கும்" என்றான் வரிசையில் பின்னால் நின்ற கொமாரசாமி.

"ஊதறதுக்கென்ன, மூச்சு நல்லாத்தான் வருது. அதான கேடு."

ஆலை அலுவலர் ஒரு மனுவோடு வந்தார். சுத்திகரிப்பு எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது, நிறுத்துங்கள் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் பாக்கி முழுவதும் தள்ளுபடி.

வீட்டில் சோறு போடும்போது மனைவி பாவாத்தாள் சொன்னாள். "மாமா, புள்ள இந்தப் பதினெட்டு நாளா இருமவே இல்லீங்க."

"ம்."

"நேத்து மேடு வரைக்கும் ஓடிட்டு வந்தா. மூச்சு வாங்கல."

"அதுக்கு?"

"அதுக்கொண்ணுமில்லீங்க. சொன்னேன்."

நாட்ராயன் இரண்டு வாய் தின்றான். "இந்தக் காத்து எத்தனை நாளைக்கு நிக்கும்னு யாரு கண்டா? வடின்னா சாகற வரைக்கும் கெடக்கும். பங்குனி தாண்டிருச்சுன்னா அப்புறம் யாரைப் போய்க் கேக்கறது?"

"அதுஞ் சரிதானுங்க" என்று அவள் குழம்பை ஊற்றினாள்.

எழுநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நிறுத்தி நிதானமாக, ஓர் எழுத்தும் விடாமல் தன் முழுப் பெயரையும் எழுதினான் நாட்ராயன். மக்களே வேண்டாம் என்கிறார்கள் என்று ஆணையம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. சுத்திகரிப்புப் பொறியின் மேல் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

மாசி இருபதாம் தேதி, வஞ்சியின் பெயரிலேயே புதுக் கடன் எழுதி, அவளுக்கு நெஞ்சுவடி பொருத்தினார்கள். மருத்துவமனையை விட்டு வெளியே வந்தபோது புகை தெருவரை இறங்கியிருந்தது. எதிரே வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனார்கள். வஞ்சி விலாவைப் பிடித்தபடி மெதுவாக நடந்தாள்.

"பாத்தியா பாவாத்தா, காத்து எப்படிக் கெடக்குதுன்னு" என்றான் நாட்ராயன். "நல்லவேளை, நேரத்துல மாட்டிட்டோம்."

அவன் சட்டைப்பையில் ஆலை கொடுத்த சீட்டு இருந்தது. நாட்ராயன், பாக்கி இல்லை என்று அதில் அச்சடித்திருந்தது.