பன்னிரண்டாவது அளவீடு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். நடந்தது நடந்தபடி.

வெடிச்சத்தம் அளக்கிற நகராட்சி ஊழியர் அந்த வீட்டுக்குப் பன்னிரண்டாம் முறையாக வந்தபோது மாலை ஏழு மணி. தெருமுனை விழா மண்டபத்தில் வழக்கம்போல வெடி தொடங்கியிருந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, மேசைமேல் கரண்டி தானாக ஊர்ந்தது, கந்தகப் புகை கதவிடுக்கு வழியே நுழைந்து தொண்டையில் போய் உட்கார்ந்தது. அவர் மடியிலிருந்த மீட்டரின் முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. இதற்கு முன் பதினொரு தடவையும் இதே கதைதான். பதினொரு தடவையும் ‘சத்தம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். மீட்டர் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. இருபது வருட உத்தியோகத்தில் தன் காதை நம்புவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

“இன்னைக்கும் முள் ஏறலைன்னா ஃபைலை மூடிடுவாங்கம்மா. அப்புறம் யாரும் வரமாட்டாங்க.”

“மூடிக்கோங்க சார்.” வீட்டுக்காரியின் குரலில் கோபம்கூட மிச்சமில்லை. “எம் பொண்ணு பேசி மூணு மாசம் ஆச்சு. வெடி கேட்டா அலமாரிக்குள்ள போய் உக்காந்துக்குவா. இப்பவும் அங்கதான் இருப்பா. உங்க மீட்டருக்குத்தான் காது செவிடு.”

வெடி நின்றது.

தெரு முழுக்க அடங்கி, நாய்கூடக் குரைக்காமல், தன் மூச்சுச் சத்தமே தனக்குக் கேட்காத அந்த அமைதியில் முள் எழுந்தது. நாற்பது. அறுபது. மீட்டரை வாசல் பக்கம் திருப்பினார், இறங்கியது. அலமாரிப் பக்கம் திருப்பினார். தொண்ணூறு.

அவருக்குப் பயம் வரவில்லை. ஒருவழியாக எழுத ஒரு எண் கிடைத்தது என்று மட்டும் தோன்றியது. எழுதினார். பாதிக்கப்பட்டவரின் கைரேகை வேண்டும். படிவத்தையும் மைப்பெட்டியையும் அலமாரிக் கதவிடுக்கில் நீட்டினார்.

“பாப்பா, கட்டைவிரலை வச்சுக் குடும்மா.”

உள்ளிருந்து மெதுவாக இழுபட்டது. சற்று நேரம் கழித்துத் தாள் மட்டும் திரும்பி வந்தது. சில்லென்று இருந்தது.

வாசலில் மாடிவீட்டுப் பெண். அவள் தோளில் தூங்கும் குழந்தை.

“அக்கா, உங்க பொண்ணு நாலு மணிக்கே எங்க வீட்டுக்கு வந்து தூங்கிட்டா. எழுப்ப மனசு வரலை.”



அவர் தாளைப் பார்த்தார். மை ஈரம். ஒரு விரல்தான் கேட்டிருந்தார். பன்னிரண்டு இருந்தன. ஒரே கை. விரித்து வைத்த கை.

முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றது. சத்தம் இல்லை.

கதவிடுக்கில் மை பூசிய விரல்கள். நீளமாக. வரிசையாக. அடுத்த தாளுக்குக் காத்திருந்தன.

அந்த மீட்டரின் பேட்டரி எட்டு வருடமாக அலுவலகச் சுவர்க்கடிகாரத்தில் இருக்கிறது.