ஓவியர் இஞ்ஞாசியின் இடுப்புக் கயிறு

"கயிறு களவு போச்சு, அண்ணாச்சி" என்றார் இஞ்ஞாசி.

சுங்கத்துறையிலிருந்து ஓய்வுபெற்றபின் துப்பறிய வந்த ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. உதவியாளர் விஜிலாதான் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள். குடை பிடித்த மீன்களை வரைந்து உலகப் புகழ் பெற்றவர், ஒரு கயிற்றுக்காகக் கண்கலங்குகிறார்!

இஞ்ஞாசி முன்பு சங்கு குளித்தவர். வரைவதும் மூழ்குவதுதான் என்று இடுப்பில் கயிறு கட்டி, மறுநுனியை ஜன்னல் வழியாகப் பின்சந்தில் போட்டுவிட்டே தூரிகையைத் தொடுவார். சாப்பாட்டை மறந்து வரைந்தால் வெளியிலிருந்து ஒரு இழுப்பு வரும். உடனே எழுந்து சாப்பிடுவார். பேட்டிகளில், கடல் இழுப்பதாகச் சொல்வார். மனைவி பிளாரன்ஸ் கோபித்துக்கொண்டு துபாயிலிருக்கும் மகளிடம் போனபின், அவரைச் சாப்பிடச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. பாவம், மனிதர் இளைத்துப்போயிருந்தார்.

"வேற கயிறு போட்டுப் பாத்தேன். ஒருத்தரும் இழுக்க மாட்டேங்காவ."

"மும்பை ஏலத்துக்குப் போயிருக்கும் சார்!" என்றாள் விஜிலா.

ஆவுடையப்பன், கயிறு கட்டிக் கிடந்த ஜன்னல் கம்பியைத் தடவினார். "திருடன்னா அறுத்திருப்பான். இது நிதானமா அவுத்தது. புதுக் கயித்தையும் யாரும் இழுக்கல. அப்போ இழுத்த ஆளுதான் எடுத்திருக்கு. விஜிலா, சங்கு குளிக்கிறவன் கயித்தை மேல இருந்து யாரு பிடிப்பா?"

"பொண்டாட்டி கூடப்பிறந்தவன். தங்கச்சி தாலிக்காகவாவது விடமாட்டான்னு."

பிளாரன்ஸின் அண்ணன் ஜெஸ்டின் பின்சந்தில்தான் இருந்தார். தங்கை போனதிலிருந்து இஞ்ஞாசியோடு பேச்சில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். முகத்தில் பலநாள் தாடி. அடுப்பு பற்றவைக்கவில்லை. மேசையில் அக்கம்பக்கத்தார் கொடுத்த தூக்குச்சட்டிகள்.

"பொய் சொல்லுதாரு, சார்" என்று விஜிலா கிசுகிசுத்தாள்.

"அடுத்த வீட்டுக்காரங்க எப்போம்மா சோறு கொடுத்துவிடுவாங்க?"

அவள் தூக்குச்சட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். துக்க வீட்டுக்குத்தான்.

ஜெஸ்டினை அழைத்துவந்து இஞ்ஞாசியின் எதிரில் உட்காரவைத்தார் ஆவுடையப்பன். "அண்ணாச்சி, இவர் இழுத்தது உங்களுக்காக இல்லை, தங்கச்சிக்காக. இப்போ கயித்தை எடுத்துட்டார்னா..."

"தங்கச்சிய துபாய்லயே அடக்கம் பண்ணிட்டாவ" என்றார் ஜெஸ்டின். "உம்ம மவ என்னையே சொல்லச் சொன்னா. உம்மகிட்ட சொல்ல வாய் வரல. கயித்தை எடுத்தா நீரே தெரிஞ்சுக்கிடுவீருன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுது. உன்கிட்ட கேக்கப் பயந்துதான் இவுகளக் கூப்பிட்டேன். களவுன்னு சொல்லிருவாவன்னு ஒரு ஆசை." இஞ்ஞாசி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடல்னு ஊருக்குத்தான் சொன்னேன். நீ இழுக்கும்போதெல்லாம், நான் இன்னும் அவ புருஷன்தான்னு இருக்கும். இனி நான் யாரு, மச்சான்?"